அவள் ஏன் கம்பை வைத்துவிட்டுப் போனாள்?

போன புதன்கிழமை காலை ஹட்டனில் நல்லதண்ணி பஸ்ஸில் ஏறினேன். மலை யாத்திரை சீசன் நேரம். பஸ் நிறைய மலை ஏறப் போகிறவர்கள், அவர்களுடைய மூட்டைகள், தூங்கி வழியும் பிள்ளைகள். எனக்கு டிக்கோயா வரைதான் என்பதால் ஒற்றைக் காலில் நின்றே போய்விட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் ஒரு சாதனைதானே?

போன இடம் ஒரு பாடசாலை. ரோட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே கால் மணி நேரம் ஏற வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் என் சிறுகதை ஒன்றைப் படித்திருக்கிறார்களாம், வந்து பேச வேண்டுமாம். கூப்பிட்டவர் தமிழ் ஆசிரியர் சிவா சேர். முப்பது வயதுக்குள் இருக்கும். கதையைத் தானே டைப் செய்து, போட்டோகொப்பி எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறார். இப்படி ஒருவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

கதையை வாசிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன்பு எழுதியது. ஒரு பெண் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறாள். பாதி வேலையில் அவளுடைய தங்கச்சி பேக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்கே ஓடிவருகிறாள். வெளிநாட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது, உடனே கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள். அந்தப் பெண் தன் கையில் இருந்த மட்டக்கம்பைத் தேயிலைச் செடியின் மேல் வைக்கிறாள். பேக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். கதை அவ்வளவுதான்.

மட்டக்கம்பு என்றால் ஒரு நீளமான, நேரான கம்பு. அதைச் செடியின் தலையில் கிடத்தி, அந்த மட்டத்துக்கு மேலே இருப்பதைத்தான் பறிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையோடு அதையும் எடுத்துக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள்.

இந்தக் கம்புதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கொழும்பில் ஒரு புத்தக வெளியீட்டில், 'அந்தக் கம்பு எதன் குறியீடு?' என்று ஒருவர் கேட்டார். கையில் மைக். எதிரே நூறு பேர். நான் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு — அந்த மௌனத்தையும் வேண்டுமென்றேதான் விட்டேன் — சொன்னேன்: "பரம்பரை பரம்பரையாக அவளை அளந்த அளவுகோல் அது. அதை அவள் இறக்கி வைக்கிறாள். இனித் திரும்ப மாட்டாள்."

என்ன ஒரு கைதட்டல் தெரியுமா... வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதே நினைப்பாகத் திரிந்தேன்.

உண்மை என்ன?

என் கணவர் பஸ்ஸில் கண்டக்டராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் எழுதுவதை முதலில் வாசிப்பவர் அவர்தான். அவள் கம்போடு பஸ் ஏறுவதாக நான் முதலில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு அவர் இலக்கியம் எதுவும் பேசவில்லை. "ஒரு கையில பேக்கு. ஒரு கையில கம்பு. புட்போர்ட்ல ஏறுறப்ப கம்பிய எதால பிடிப்பா? விழுந்துருவாளே" என்றார்.

வாழ்க்கை முழுக்க புட்போர்டில் ஏறுகிறவர்களின் கைகளையே பார்த்த மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். 'கம்பை ரோட்டோரம் வீசிவிட்டு ஏறினாள்' என்று எழுதிப் பார்த்தேன். என்னவோ மனசுக்கு ஒட்டவில்லை. அடித்துவிட்டு, 'செடியின் மேல் வைத்தாள்' என்று எழுதினேன். ஒட்டியது. ஏன் ஒட்டியது என்று நான் யோசிக்கவும் இல்லை. ஆக, நூறு பேர் கைதட்டிய அந்தக் குறியீட்டுக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர்.

சரி, பாடசாலைக்கு வருவோம்.

நான் பேசி முடித்ததும் கேள்வி நேரம். முதல் இரண்டு கேள்விகள் நன்றாக மனப்பாடம் செய்த கேள்விகள். பதிலும் அப்படித்தான் சொன்னேன். மூன்றாவதாகக் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை இரண்டு பேர் இடித்து இடித்து எழுப்பிவிட்டார்கள். பேர் தர்ஷினி. இரட்டைப் பின்னல், கையில் மடித்த விடைத்தாள்.

"கேள்வி இல்ல மிஸ். ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அவங்க திரும்பி வருவாங்கதானே?"

"யாரும்மா?"

"கதையில வர்றவங்க."

சிவா சேர் எழுந்தார். "தர்ஷினி, அத நாம ஏற்கனவே பேசிட்டோம்ல."

"பேசினோம் சேர். எழுதினவங்ககிட்டயே கேட்டுக்கிறேனே."

என்ன நடந்தது என்று சிவா சேர்தான் எனக்குச் சொன்னார். தவணைப் பரீட்சையில் கேட்ட கேள்வி: கதையின் முடிவில் கம்பு எதைக் குறிக்கிறது? ஐந்து புள்ளி. வகுப்பில் எல்லோரும் 'அடக்குமுறை, விடுதலை' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை மட்டும், 'அவர் திரும்பி வருவார் என்பதைக் குறிக்கிறது' என்று எழுதியிருக்கிறது. பூச்சியம்.

"எனக்கும் பாவமாத்தான் இருந்திச்சி மேடம். ஆனா நீங்களே இனித் திரும்ப மாட்டாள்னு சொல்லியிருக்கீங்களே. உங்க பேச்சு ஒரு சஞ்சிகையில வந்தத நான்தான் பிள்ளைகளுக்கு நோட்ஸா குடுத்தேன். எழுதினவங்க சொன்னதுக்கு மாறா எழுதினா நான் எப்படி மார்க்ஸ் போடுறது?"

கைதட்டலுக்காக நான் விட்ட ஒரு வசனம், மலை ஏறி வந்து ஒரு பிள்ளைக்குப் பூச்சியம் போட்டிருக்கிறது.

"நீங்க எதனால அப்படி எழுதினீங்க?" என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

"கொழுந்து நிறுக்கப் போறப்ப எங்கம்மா கம்ப செடி மேலதான் வச்சிட்டுப் போவாங்க மிஸ். அப்பத்தான் அது அவங்க நிரைன்னு தெரியும். வேற ஆள் அதுல பறிக்க மாட்டாங்க. வந்து விட்ட எடத்துல இருந்து பறிப்பாங்க."

நிரை என்பது ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கிற செடி வரிசை. அதுகூட எனக்கு ஒரு சொல்லாகத்தான் தெரியும்.

"அம்மா இப்ப மலைக்குப் போயிருக்காங்களா?"

"குவைத்ல இருக்காங்க மிஸ். நாலு வருஷம். ரெண்டு வருஷம்னுதான் போனாங்க. இப்ப இன்னும் ரெண்டு வருஷம் கூட்டிக் கேக்குறாங்களாம்."

முன்வரிசையில் ஒரு பையன் தாழ்ந்த குரலில், "நாலு வருஷம் வராட்டி செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க. பொறகு எங்க நிரை?" என்றான். செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவு. அவன் கேலியாகச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு அது.

மைக் மறுபடி என் கையில். என்ன சொல்வீர்கள் நீங்கள்? நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். கொழும்பில் சொன்னது கைதட்டலுக்காகச் சொன்னது என்றேன். கம்பை அங்கே வைத்ததற்குக் காரணம் என் கணவர்தான், பஸ் கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவா சேரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அதே முன்வரிசைப் பையன் கேட்டான். "அப்ப அதுக்கு அர்த்தமே இல்லையா மிஸ்?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. விடைத்தாளை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாருங்கள் கொடுமையை. முதல் தடவை பெரிய அர்த்தம் சொல்லி அவளுடைய அம்மாவைத் திரும்பி வராமல் செய்தேன். இரண்டாம் தடவை அர்த்தமே இல்லை என்று சொல்லி, அவள் பிடித்துக்கொண்டிருந்த கம்பையும் பிடுங்கிவிட்டேன். பொய் சொன்னதும் நான்தான், உண்மை சொன்னதும் நான்தான். இரண்டுக்கும் அடி வாங்கியது அவள்.

பொன்னாடை, பிஸ்கட், தேநீர் எல்லாம் முடிந்து பதினொன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கினேன். பொன்னாடை பைக்குள் இருந்து உறுத்தியது.

எழுதுகிறவர்களிடம் ஒரு வியாதி உண்டு. யாராவது 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் 'தெரியாது' என்ற சொல் எங்கள் வாயில் வராது. கல்யாண வீட்டில் கறியைப் புகழ்ந்தால் சமையல்காரர் மசாலாக் கணக்கைச் சொல்லத் தொடங்குவாரே, அதே மாதிரி. சாப்பிட்டவருக்கு வாயில் இருந்த ருசியும் போய்விடும். என் சக எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்... நான் என்னைத்தான் சொல்கிறேன்.

இப்படி என்னையே ஏசிக்கொண்டு நடந்தவள், ஒரு வளைவில் நின்றுவிட்டேன்.

வலது பக்கம் முழுக்கத் தேயிலை. மலையில் ஒரு ஆள் இல்லை. ஆனால் செடிகளின் மேல், இங்கே ஒன்று, அங்கே ஒன்று, உச்சி வரைக்கும்... கம்புகள்.

ஆட்கள் எல்லோரும் கீழே மடுவத்துக் கொட்டகையில் இருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் நேரம். தராசுக்கு முன்னால் வரிசை, சாக்குகள், பேச்சுச் சத்தம். நிறுத்து முடித்த ஒரு அம்மா வெற்றுக் கூடையோடு ரோட்டோரம் வந்து தண்ணீர் குடித்தார். ஐம்பது வயது இருக்கும்.

"அக்கா, ஏன் எல்லாரும் கம்ப அங்கயே வச்சிட்டு வந்திருக்கீங்க?"

அவர் என்னைக் கீழிருந்து மேல் வரை ஒரு முறை பார்த்தார். "வேற எங்க வைக்க? விட்ட எடம் தெரிய வேணாமா?"

"வேற யாராவது அந்த நிரையில எறங்கிட்டா?"

"எதுக்கு எறங்குறாங்க? அதுதான் ஆள் இருக்கே."

"ஆள் நீங்க இங்கதானே நிக்கிறீங்க?"

"கம்பு இருக்குல்ல. கம்பு இருந்தா ஆள் இருக்குதுன்னுதான். இதெல்லாமா கேக்குறீங்க? நீங்க எந்த ஊரு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நான் பிறந்ததே தோட்டத்தில். அப்பா தோட்ட ஆபீசில் கிளாக்கர். எங்கள் கோட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் எதிரே இதே மாதிரி ஒரு மலை. பாடம் படித்தது, தலை பின்னிக்கொண்டது, அம்மாவிடம் அடி வாங்கியது எல்லாம் அந்த ஜன்னல் ஓரத்தில்தான். தினமும் பகலில் அந்த மலை காலியாகும், செடி மேல் கம்புகள் கிடக்கும். நான் பார்த்திருக்கிறேன். பதினாறு வருடம், கண்ணுக்கு நேரே. ஒரு நாள் கூட யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. கிளாக்கர் வீட்டுப் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் கை மறக்கவில்லை போலிருக்கிறது. 'வீசினாள்' என்று எழுதியபோது முரண்டு பிடித்தது, 'செடியின் மேல் வைத்தாள்' என்றதும் சமாதானமானது. எனக்குத் தெரியாத ஒன்றை என் கதை தெரிந்து வைத்திருக்கிறது. பதினைந்து வருடம் அதைச் சுமந்துகொண்டு, சரியான ஆள் வந்து வாசிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. வந்த ஆளுக்கு நாங்கள் பூச்சியம் போட்டிருக்கிறோம்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. தண்ணீர் குடித்த அம்மா பயந்துபோய், "என்னங்க, மேலுக்கு முடியலையா?" என்று போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நன்றி சொன்னேன். எதற்கு இவ்வளவு பெரிய நன்றி என்று அவருக்கு விளங்கியிருக்காது.

பிறகு திரும்பி மேலே ஏறினேன்.

பாடசாலை வாசலில் சிவா சேர் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா சேர். பதினோராம் வகுப்புக்கு அஞ்சு நிமிஷம் போகணும்."

வகுப்பில் கணிதம் நடந்துகொண்டிருந்தது. கணித டீச்சர் பெருந்தன்மையாக ஒதுங்கி நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். மடுவத்து அம்மா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன் — கம்பு இருந்தா ஆள் இருக்குதுன்னுதான். "காலையில நான் சொன்னது அரைவாசிதான் பிள்ளைகளே. அவ கையக் காலியாக்கத்தான் அதுல இருந்து கம்ப எடுத்தேன். ஆனா எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தது இந்த மலை. அது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். தர்ஷினிக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு."

தர்ஷினி எழுந்து நின்றாள்.

"அப்ப அவங்க வருவாங்களா மிஸ்?"

வருவாள் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்பது என் கதையில் வரும் பெண்ணை மட்டும் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். குவைத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்காக வாக்குக் கொடுக்க நான் யார்?

"கம்பு இன்னும் அங்கயேதான் இருக்கு தர்ஷினி. யாரும் எடுக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். மடித்து மடித்துச் சின்னதாக்கியிருந்த விடைத்தாளை விரித்து, மேசை மேல் வைத்துக் கையால் நீவினாள்.

வெளியே வந்ததும் சிவா சேர், "நான் மார்க்ஸ மாத்திடுறேன் மேடம்" என்றார்.

"மத்தவங்களுக்கு வெட்டிறாதீங்க சேர். அந்தப் பிள்ளைகளும் அத நம்பித்தான் எழுதியிருக்குங்க."

"அப்ப மாதிரி விடையில நான் என்னத்த எழுதுறது?"

"எடத்த விடுங்க. அவங்களே எழுதட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். பாவம், பரீட்சைத் திணைக்களம் அப்படி விடுமா என்று அவருக்குக் கவலை. ஆனாலும் என்னோடு ரோடு வரைக்கும் இறங்கி வந்து பஸ் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். அவர் அந்தக் கதையை டைப் செய்து கொடுக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "ரிட்டர்ன் பஸ்ஸுல சீட் கெடச்சிச்சா?"

இது நடந்து நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சிவா சேர் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தர்ஷினியின் சித்தி போனுக்குக் குவைத்திலிருந்து வந்ததாம். மகள் போனிலேயே முழுக் கதையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம், அவசரமாகப் பேசுகிற ஒரு குரல்.

"அக்கா, நான் தர்ஷினி அம்மா பேசுறேங்க. கதை நல்லாருக்கு. மகளுக்காகத் திரும்ப மேல ஏறி வந்தீங்களாம், ரொம்ப சந்தோசம். ஒண்ணு மட்டும் சொல்லணுங்க. கோவிச்சுக்காதீங்க. கம்ப செடி மேல சும்மா வச்சதா எழுதியிருக்கீங்க. அது நிறுக்கப் போயிட்டு வர்றதுக்குத்தாங்க. நம்ம பக்கத்துக் காத்துக்கு ரெண்டு நாள்ல உருண்டு விழுந்துரும். கூட நாள் போறவ அப்படி வைக்க மாட்டா. நான் வர்றப்ப வீட்டுக் கூரையில, தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இறுக்கமா சொருகி வச்சிட்டுத்தான் வந்தேன். கேட்டுப் பாருங்க, மகளுக்குத் தெரியும். வரப்போறவதானுங்களே சொருகுவா... சரிங்கக்கா, இங்க வீட்டு மேடம் கூப்புடுறாங்க. வச்சிர்றேன்."

இந்த வாரத்துக்குள் அதை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு கதைக்கு இதைவிட நல்ல திருத்தத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கண்டக்டர் ஒருவர் கையைக் காலியாக்கிக் கொடுத்தார், தர்ஷினி அவளைத் திரும்பி வரவைத்தாள், குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா அந்தக் கம்பு விழாமல் இருக்க வழி சொல்லியிருக்கிறார். என் பேரைப் போட்டு வெளியான கதை... நான் செய்தது டைப் அடித்தது மட்டும்தான் என்று தோன்றுகிறது. அதற்குக் கிடைத்த கூலி கொஞ்சமா?

கதையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். 'கம்பைச் செடியின் மேல் வைத்தாள்' என்பது இனி, 'கம்பைச் செடிக்குள் ஆழமாகச் சொருகினாள்.'

ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். டிக்கோயாவில் ஒரு பிள்ளைக்குத் தெரியும்.